ஒரு ஜப்பானிய பைனாகுலரின் சாட்சியம்

என்னிடம் முன்பு இளங்கலைத் தமிழ் படித்த மாணவர் ஒருவர் இப்போது வேடசந்தூர்ப் பக்கத்தில் பள்ளி ஆசிரியராக இருக்கிறார். சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மஞ்சள் துணிப்பை ஒன்றுடன் வீட்டிற்கு வந்தார். பைக்குள் விளிம்பு உதிர்ந்த தோல் உறை. உறைக்குள் கனமான, கறுத்த ஒரு பைனாகுலர். தூய தமிழில் இருகண்நோக்கி என்று சொல்லலாம். ஆனால் எங்கள் பக்கத்துக் காடு கழனிகளில் இதற்கு வழங்கும் பெயர் பைனாகுலர்தான் என்பதால் இக்கட்டுரையிலும் அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் கல்லூரி வரலாற்றுத் துறையினர் வட்டாரப் பழம்பொருள்களைக் கொண்டு ஒரு சிறு காட்சியறை அமைக்கும் முயற்சியில் இருந்தார்கள். அதற்குத் தம் குடும்பத்தின் கொடையாக இதைத் தர மாணவர் விரும்பினார். கூடவே அவருடைய தந்தையார் சொல்ல, அவர் எழுதிக் கொண்டுவந்த ஒரு குறிப்புச் சீட்டும் இருந்தது. 1943இல் சிங்கப்பூரில் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்திருந்த தம் தாத்தாவுக்கு ஜப்பானிய இராணுவ அதிகாரி ஒருவர் தம் கையால் கொடுத்த பைனாகுலர் இது என்பது அக்குறிப்பின் சாரம்.

“ஐயா, நீங்க கொஞ்சம் பாத்து, தமிழைத் திருத்தி, நாலு வரி நல்லா எழுதித் தரணும். கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்துல வைக்கிறதுக்கு” என்றார்.

தமிழைத் திருத்துவது என் தொழில். ஆனால் ஒரு பொருளுக்குக் குறிப்பு எழுதுகிறவன் அந்தப் பொருளை ஒருமுறையாவது முழுவதும் பார்த்திருக்க வேண்டும் என்று நினைப்பவன் நான். இரண்டு வாரம் என்னிடம் இருக்கட்டும் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். அந்த இரண்டு வாரத்தில் நான் கற்றுக்கொண்டதும், அதன் பின்னர் பட்ட சங்கடமும்தான் இக்கட்டுரை.

*

தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அத்தகைய கல் ஒன்று வயல்வரப்பில் கிடந்தால் ஊரார் அதற்கு ஒரு கதை சொல்வார்கள். கதை சுவையாக இருக்கும். சில வேளை உண்மையாகவும் இருக்கும். ஆயினும் கல்லின் காலத்தைக் கணிப்பவர் கதையிலிருந்து தொடங்குவதில்லை. எழுத்தின் வடிவம், சொல்லின் வடிவம், கல்லின் அமைதி ஆகியவற்றை முதலில் பார்க்கிறார். கல் சொல்வதைக் கேட்ட பிறகே ஊர் சொல்வதைக் கேட்கிறார். ஓலைச்சுவடியைப் பார்ப்பவரும் அப்படித்தான். ஏட்டை எழுதியவர் இறுதியில் தம் பெயரையும் நாளையும் குறித்து வைத்திருக்கிறாரா என்று முதலில் கடைசி ஓலையைத்தான் புரட்டுவார்.

தொழிற்சாலைப் பொருள்களுக்கும் இந்த முறை பொருந்தும். சொல்லப்போனால், கல்லையும் ஏட்டையும்விட அவை அதிகம் பேசுகின்றன. விற்பவனுக்காகவும் வாங்குபவனுக்காகவும் சுங்க அதிகாரிக்காகவும் அவற்றின் உடலெங்கும் ஏதாவது பொறித்திருக்கிறார்கள். பைனாகுலரை முதலில் கண்ணில் வைத்துப் பார்க்காமல், பகல் வெளிச்சத்தில் மேசைமேல் கிடத்தி, ஒரு பூதக்கண்ணாடியால் அதையே பார்க்கத் தொடங்கினேன்.

கண் வைக்கும் பக்கத்தில், இரண்டு குழல்களின் தோள்பட்டையிலும் வெள்ளை நிறம் நிரப்பிய எழுத்துகள். ஒருபுறம் 7×50 என்ற அளவு. அதன் கீழே பார்வைப் புலம் 7.1 பாகை, அதாவது 1000 கெஜத்தில் 372 அடி என்ற குறிப்பு. மறுபுறம் ‘கோட்டட் ஆப்டிக்ஸ்’ என்ற சொற்கள், ஒரு வரிசை எண், ‘ஜப்பான்’ என்ற நாட்டுப் பெயர். எல்லாம் ஆங்கிலத்தில். ஜப்பானிய எழுத்து ஒன்றுகூட இல்லை. இரு குழல்களையும் இணைக்கும் கீலின் முன்முனையில், அழுக்கைத் துடைத்த பிறகு, எறும்பளவு எழுத்தில் ‘ஜே.பி.’ என்று பொறித்து அதனருகே ஓர் எண். குழலின் அடிப்பக்கத்தில் கால்வாசி உரிந்துபோன முட்டை வடிவச் சீட்டு ஒன்று, மங்கிய பொன்னிறம். அதில் ‘பாஸ்டு’ என்ற சொல் மட்டும் தெளிவாக எஞ்சியிருந்தது.

குடும்பத்தின் கதைக்கு எதிரான சாட்சிகள் இவ்வளவுதான். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

*

7×50 என்ற அளவு எதையும் தீர்மானிப்பதில்லை. முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது எண் முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். ஐம்பதை ஏழால் வகுத்தால் ஏழுக்குச் சற்று மேல் வரும். கண்வில்லையிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம் அது. இருட்டில் நன்றாக விரிந்த இளம் கண்மணியின் விட்டமும் ஏறக்குறைய ஏழு மில்லிமீட்டர்தான். ஆகவே இரவுக் கடலில் காவல் பார்ப்பவர்களுக்கு இந்த அளவு உகந்தது என்று உலகெங்கும் கடற்படைகள் கண்டுகொண்டன. ஜப்பானியக் கடற்படையும் இதைப் பயன்படுத்தியது. வயது ஏற ஏறக் கண்மணி அவ்வளவு விரிவதில்லை என்பதால் என்னைப் போன்ற நாற்பது கடந்தவர்களுக்கு அந்த ஒளியில் ஒரு பகுதி வீண்தான்.

1000 கெஜத்தில் 372 அடி என்ற குறிப்பு அப்படியல்ல. ஜப்பானிய இராணுவம் மீட்டர் கணக்கில் இயங்கியது. தன் அதிகாரிக்குத் தரும் கருவியில் அடியும் கெஜமும் பொறிக்க அதற்குக் காரணமில்லை. அந்த அளவை அமெரிக்கருக்கும் ஆங்கிலேயருக்கும் உரியது. போர்க்காலப் படைக்கருவிகளில் தயாரிப்பாளரின் இலச்சினையோ, படைத் தளவாடச்சாலையின் முத்திரையோ, கடற்படையின் நங்கூரக் குறியோ இருப்பது வழக்கம். இதில் அவை எதுவும் இல்லை. இதைச் செய்தவர்கள் ஆங்கிலம் படிக்கும் ஒரு வாடிக்கையாளரை மனத்தில் வைத்துச் செய்திருக்கிறார்கள்.

அடுத்தது வில்லைப் பூச்சு. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் ஒளியில் சுமார் நான்கு விழுக்காடு திரும்பிப் போய்விடுகிறது. ஒரு பைனாகுலரின் ஒரு குழலுக்குள் காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் பரப்புகள் பத்து இருந்தால், உள்ளே நுழைந்த ஒளியில் மூன்றில் ஒரு பங்கு கண்ணை வந்து சேராது. மக்னீசியம் புளோரைடு போன்ற பொருளை மெல்லிய படலமாக வில்லைமேல் படிய வைத்தால் இந்த இழப்பு பாதிக்கும் கீழே குறையும். ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா 1935இல் இம்முறையைக் கண்டார். போர்க்காலத்தில் இது படைகளின் இரகசியமாக இருந்து, போருக்குப் பின் சந்தைக்கு வந்தது. பூச்சு இருப்பதை விளம்பரமாகவே பொறித்து விற்பது போருக்குப் பிந்தைய வழக்கம். நம் பைனாகுலரின் முன்வில்லையைச் சாய்த்துப் பிடித்தால் நாவற்பழத் தோலின் நீலம் தெரிகிறது. பூச்சு அங்கேயே இருக்கிறது.

இவையெல்லாம் ஐயத்தைக் கிளப்பும் சாட்சிகள். தீர்ப்பை எழுதியது எறும்பளவு இருந்த அந்த ‘ஜே.பி.’தான். அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் ஜப்பானுக்குப் போய்வர வேண்டும்.

*

இன்றைய பைனாகுலரின் உள்ளமைப்பு இத்தாலியரான இக்னாசியோ போரோவிடமிருந்து வருகிறது. முப்பட்டகக் கண்ணாடிகளால் ஒளியை மடக்கித் தலைகீழ் பிம்பத்தை நேராக்கும் வழியை அவர் 1854இல் பதிவு செய்தார். அதை நம்பகமான கருவியாக்கி 1894இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது சைஸ் நிறுவனம். ஜப்பானில் ஃபூஜீ சகோதரர்கள் 1911இல் ‘விக்டர்’ என்ற பெயரில் முதல் முப்பட்டகப் பைனாகுலரைச் செய்தார்கள். பின்னாளில் நிக்கான் என்று உலகம் அறிந்த நிப்பான் கோகாக்கு 1917இல் தோன்றியது. 1932இல் தோன்றிய டோக்கியோ கோகாக்கு, டோக்கியோவின் வடமேற்கில் இருக்கும் இடாபாஷி வட்டாரத்தில் தொழிற்சாலை அமைத்துத் தரைப்படைக்குக் கருவிகள் செய்தது. தரைக்கு ஒருவர், கடலுக்கு ஒருவர் என்று அக்காலத்தில் பேச்சு இருந்ததாம்.

1945இல் போர் முடிந்தது, படை கலைந்தது. கண்ணாடி அரைக்கத் தெரிந்த கைகள் மட்டும் மிஞ்சின. இடாபாஷியிலும் அதைச் சுற்றியும் சிறு பட்டறைகள் முளைத்தன. ஒரு வீட்டில் வில்லை அரைத்தார்கள். இன்னொரு வீட்டில் முப்பட்டகம். வேறொரு பட்டறையில் வார்ப்பு. மற்றொன்றில் எல்லாவற்றையும் பூட்டிச் சரிபார்த்தார்கள். முதலில் வாங்கியவர்கள் ஆக்கிரமிப்புப் படையின் அமெரிக்கச் சிப்பாய்கள். பிறகு கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்கே போயிற்று. 1952 ஏப்ரலில் ஆக்கிரமிப்பு முடிவதற்கு முந்தைய ஆண்டுகளில் ஏற்றுமதியான ஜப்பானியப் பொருள்கள் பலவற்றில் ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது’ என்று பொறித்திருப்பதை இன்றும் காணலாம். தோற்ற நாட்டின் கைத்தொழிலாளி தன் தோல்வியைத் தானே பொறித்து அனுப்பிய காலம் அது.

பட்டறைகள் பெருகியதும் போட்டி பெருகியது. போட்டி பெருகியதும் விலை விழுந்தது, தரமும் விழுந்தது. ‘ஜப்பான் சாமான்’ என்றால் பார்வைக்கு நன்றாக இருந்து நாலு நாளில் உடைந்துபோவது என்று நம் ஊரிலும் ஒரு காலத்தில் பொருள் இருந்ததல்லவா? அந்தப் பெயரைத் துடைக்க ஜப்பானியர் எடுத்த வழி கவனிக்கத்தக்கது. 1959இல் இலகு இயந்திரங்களின் ஏற்றுமதியை ஊக்குவிக்க ஒரு சட்டம் இயற்றினார்கள். அதற்குள் வந்த பொருள்கள் இரண்டு: வீட்டுத் தையல் இயந்திரமும் பைனாகுலரும். தயாரிப்பாளர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். ‘ஜே.பி.’ என்ற எழுத்துகளோடு அந்த எண் கருவியின் மேல் பொறிக்கப்பட்டது. தொலைநோக்கிப் பரிசோதனைக் கழகத்தார் சோதித்துத் தேறியவற்றின்மேல் பொன்னிற முட்டை வடிவச் சீட்டு ஒட்டப்பட்டது.

இதற்கு ஒரு காரணமும் இருந்தது. தோள்பட்டையில் பெரிதாகப் பொறிக்கப்பட்ட பெயர் பெரும்பாலும் செய்தவருடையது அல்ல, வாங்கி விற்பவருடையது. அமெரிக்காவில் 1948இல் தொடங்கிய புஷ்நெல், 1954இல் தொடங்கிய டாஸ்கோ போன்றவை ஜப்பானியப் பட்டறைகளில் வாங்கித் தம் பெயரில் விற்று வளர்ந்தவை. ஒரே பட்டறையின் சரக்கு பத்துப் பெயர்களில் விற்கும். கடைப்பெயர் வாங்குபவனுக்கு, கீலின் முனையில் இருக்கும் எண் பொறுப்பேற்பவனுக்கு. பழுது வந்தால் யாரைக் கேட்பது என்பதற்கான விடை அது. ஏட்டின் கடைசி ஓலையில் எழுதியவன் தன் பெயரைக் குறித்து, பிழை பொறுக்க என்று கேட்டுக்கொள்வதைப் போல.

ஆக, ‘ஜே.பி.’ என்ற முத்திரை உள்ள ஒரு பைனாகுலர் 1959க்கு முன்னால் உருவாகியிருக்க முடியாது. சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தது 1943 ஜூலையில். இடையில் பதினாறு ஆண்டுகள்.

*

காலத்தைக் கணித்தாயிற்று, கருவியின் நிலையையும் பார்க்க வேண்டும். இதுபோன்ற பழைய பைனாகுலர் வாசகர் வீட்டுப் பரணிலும் இருக்கலாம் என்பதால் நான் பார்த்த முறையைச் சொல்கிறேன்.

முன்வில்லையின் வழியே ஒரு கைவிளக்கின் ஒளியைச் செலுத்தி மறுபக்கம் பார்த்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். தூசி பெரிய குற்றமல்ல. சிலந்தி வலைபோல் கிளைத்திருந்தால் அது பூஞ்சை. நாள்பட்டால் பூச்சை அரித்துக் கண்ணாடியையும் தின்றுவிடும். ஈரக்காற்று உள்ள ஊர்களில் இது அதிகம். நம் திண்டுக்கல் சமவெளியின் வறட்சி மனிதருக்கு எப்படியோ, வில்லைகளுக்கு நல்லது. இந்தக் கருவியில் வலது குழலின் ஓரத்தில் சிறிதளவு மட்டுமே பூஞ்சை. இனி தோல் உறையில் வைக்கக் கூடாது. தோல்தான் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது.

பிறகு பைனாகுலரை முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, வெளிச்சமான வானத்தை நோக்கிப் பிடித்தால் கண்வில்லையில் ஒரு சிறு ஒளிவட்டம் தெரியும். அது முழு வட்டமாக இருந்தால் முப்பட்டகம் உயர்ந்த வகைக் கண்ணாடி. ஓரங்கள் மங்கிச் சதுரம் போலத் தெரிந்தால் மலிவான வகை. இதில் சதுரத்தின் சாயல் இருக்கிறது. நடுத்தரச் சரக்கு என்று கொள்ளலாம். சோதிப்பவர் எவரும் சூரியன் இருக்கும் திசைப் பக்கமே திருப்பக் கூடாது, கண் போய்விடும்.

கடைசியாக, இரு குழல்களும் ஒரே இடத்தைப் பார்க்கின்றனவா என்ற சோதனை. இதற்குத் தூரத்தில் ஒரு படுக்கைக்கோடு வேண்டும். என் வீட்டு மொட்டை மாடியிலிருந்து திண்டுக்கல் மலைக்கோட்டை நன்றாகத் தெரியும். நாயக்கர் காலத்தில் எழும்பி, மைசூராரிடம் போய், 1790இல் ஆங்கிலேயர் கைக்கு வந்த கோட்டை. அதன் மதில் விளிம்பை நோக்கிப் பிடித்து, கருவியை மெல்ல முகத்திலிருந்து விலக்கினேன். வலக்கண் கோடும் இடக்கண் கோடும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒன்று மேலும் ஒன்று கீழுமாக நின்றால் ஐந்து நிமிடத்தில் தலைவலி வரும். கோடுகள் ஒன்றியே நின்றன. அறுபது ஆண்டுக்கு முன் இடாபாஷியில் யாரோ ஒருவர் திருகிய திருகு இன்னும் அசையவில்லை.

அசையாதது இன்னொன்றும் இருந்தது: கீல். உள்ளே போட்ட மசகு அரக்காக இறுகிப்போயிருந்தது. யாகப்பன்பட்டியில் எனக்குத் தெரிந்த பூட்டுத் தொழிலாளி ஒருவர் இருக்கிறார். அவரிடம் எடுத்துப் போனேன். வில்லைப் பக்கம் போக வேண்டாம், முப்பட்டகத்தைத் தொட்டால் இரு கோடுகளும் பிரிந்துவிடும், கீல் மட்டும் போதும் என்று சொன்னேன். அவர் கருவியை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறை வெட்டியிருக்கும் நேர்த்தியை விரல்நுனியால் தடவினார். “ஒரு ஆளு வேல இல்ல சார் இது. நம்ம பூட்டு மாதிரிதான். பல கை பட்டிருக்கு” என்றார்.

இடாபாஷியைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

திண்டுக்கல் பூட்டும் அப்படித்தான் சுற்று வட்டாரத்து ஊர்களில், வீடுகளிலும் சிறு பட்டறைகளிலும், கையால் உருவானது. இரும்பும் பித்தளையும் நெம்புகோல்களும் சாவியும் பல கைகள் பட்டுப் பூட்டாகும். அதன் புகழ் ஊரின் பெயரால் நின்றது. செய்தவரின் பெயரால் அல்ல. அலிகாரின் இயந்திரப் பூட்டுகள் மலிவாக வந்தபோது நம் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. 2019இல்தான் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்கு அது பெருமை. ஆனால் தலைமுறை தலைமுறையாகச் செய்த கைகளுக்கு, ஜப்பானியர் 1959இல் தந்ததுபோல ஓர் எண்ணாவது நாம் தந்தோமா என்று அந்தப் பட்டறை வாசலில் நிற்கும்போது கேட்டுக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. போட்டியில் வெல்ல அது மட்டும் போதாதுதான். ஜப்பானின் அந்தச் சிறு பட்டறைகளிலும் பல பின்னாளில் மறைந்தன. ஆனால் மறைந்த பிறகும் அவர்கள் செய்த வேலை யாருடையது என்று தேட ஓர் எண் இருக்கிறது.

*

இனி சங்கடத்திற்கு வருகிறேன்.

மாணவரிடம் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். மனம் ஒப்பவில்லை. நேரில் போனேன். அவருடைய தந்தையாருக்கு எழுபத்தைந்து வயது. வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். காபி வந்தது. பைனாகுலரை அவர் முன் வைத்து, கீலின் முனையைப் பூதக்கண்ணாடியில் காட்டி, நான் அறிந்ததை அறிந்த வரிசையில் சொன்னேன். அவர் குறுக்கிடவில்லை. முடித்ததும், “அப்ப எங்கப்பா பொய் சொன்னாருன்னு சொல்றீங்களா வாத்தியாரய்யா?” என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை. “இல்லை ஐயா. அவர் உங்களிடம் என்ன சொன்னார் என்பதைத்தான் நான் கேட்க வந்தேன்” என்றேன்.

அவர் யோசித்து யோசித்துச் சொன்னதன் சுருக்கம் இது. அவருடைய தந்தை 1936இல், பதினாறு வயதில், தம் அண்ணனோடு மலேயாவுக்கு ரப்பர்த் தோட்ட வேலைக்குப் போனார். (1938இல் இந்திய அரசு தோட்டத் தொழிலாளரை அனுப்புவதைத் தடை செய்ததற்கு இரண்டாண்டு முன்னர்.) போருக்குப் பின் ஊருக்கு வந்து மணம் முடித்து, மனைவியை இங்கேயே விட்டுத் திரும்பப் போனார். அவ்வப்போது வந்து போவார். 1970இல் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானதும், 1969 மே கலவரத்திற்குப் பிந்தைய சூழலும் சேர்ந்து பல்லாயிரம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களை மலேசியாவிலிருந்து கப்பலேற்றிய காலம் அது. வீட்டில் ஒரு பழைய கடவுச்சீட்டு இருந்தது. மாணவர் எடுத்து வந்தார். சென்னைத் துறைமுகத்தின் வருகை முத்திரை, ஆண்டு 1970. கப்பலின் பெயர் ரஜுலா என்று பெரியவர் சொன்னார். 1926இல் கட்டப்பட்டு, சென்னைக்கும் பினாங்கு சிங்கப்பூருக்குமாக மூன்று தலைமுறைத் தமிழரை ஏற்றி இறக்கிய கப்பல்.

அந்தப் பயணத்தில் வந்த தகரப் பெட்டியில்தான் பைனாகுலர் இருந்தது.

அன்றைய இந்தியாவில் இத்தகைய பொருள் கடையில் கிடைப்பது அரிது. 1947ஆம் ஆண்டின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுச் சட்டமும் அதன்பின் வந்த உரிம முறையும் வெளிநாட்டு நுகர்பொருள்களைத் தடுத்து வைத்திருந்தன. 2001இல்தான் அக்கட்டுப்பாடுகளில் கடைசியானவை நீங்கின. இடைப்பட்ட காலத்தில் ஜப்பானிய வானொலியும் கைக்கடிகாரமும் பைனாகுலரும் நம் ஊர்களுக்கு வந்த வழி பெரும்பாலும் கப்பல் பயணிகளின் பெட்டிதான். வரிவிலக்குத் துறைமுகமான சிங்கப்பூரில் அவை மலிவு. முப்பத்து நான்கு ஆண்டு மரம் சீவியவர், கையில் இருந்த பணத்தில் கடைசியாக வாங்கியவற்றுள் இதுவும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும்.

“ஜப்பான்காரன் குடுத்ததுன்னு அவர் சொன்னாரா?” என்று கேட்டேன்.

பெரியவர் தலையசைத்தார். சொல்லவில்லை. ஜப்பான் பைனாகுலர் என்று மட்டும் சொல்வார். போர்க்காலத்தில் மலேயாவில் இருந்தார், ஜப்பான்காரர்களைப் பார்த்திருக்கிறார் என்பதும் வீட்டாருக்குத் தெரியும். நேதாஜியின் படத்தை மாட்டி வைத்திருந்தார். இவை மூன்றையும் ஊர் சேர்த்துக் கட்டியது. அவர் மறுக்கவும் இல்லை. பேசுகிற ஆளே இல்லை என்றார் மகன்.

பிறகு, கேட்காமலே இன்னொன்றும் சொன்னார். தந்தையின் அண்ணன் திரும்பி வரவில்லை. சயாமுக்குப் பிடித்துப் போனார்கள் என்று அம்மாவிடம் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். அதைப் பற்றி வேறெவரிடமும் பேசியதில்லை.

சயாம் மரண ரயில் என்று தமிழில் வழங்கும் அந்தப் பாதை 1942 முதல் 1943 அக்டோபர் வரை ஜப்பானிய இராணுவத்தால் போடப்பட்டது, 415 கிலோமீட்டர். அறுபதாயிரத்திற்கு மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளைப் பற்றிப் புத்தகங்களும் திரைப்படங்களும் உண்டு. அவர்களைவிடப் பன்மடங்கு அதிகமாக உழைத்து மடிந்த ஆசியத் தொழிலாளர்களில் மலேயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர் பல்லாயிரம் பேர். இறந்த ஆசியர்கள் சுமார் 90,000 என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. பெயர்ப் பட்டியல் இல்லை. பெரும்பாலோருக்குக் கல்லறையும் இல்லை. அதே 1943இல், அதே மலேயாவில், அதே தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஜப்பானின் துணையோடு இயங்கிய இந்திய தேசிய இராணுவத்தில் விரும்பிச் சேர்ந்தார்கள். இரண்டும் உண்மை. ஒரே லயத்தில், ஒரே குடும்பத்தில், இரண்டும் நடந்திருக்கலாம்.

அந்தப் பெரியவர் படையில் சேர்ந்தாரா? பைனாகுலருக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. சேர்ந்திருக்கலாம். கருவி பின்னால் வந்தது என்பதனால் அது இல்லையென்று ஆகிவிடாது. இதைத்தான் நான் அவர் மகனிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். பொருந்தாத சான்றின்மேல் ஒரு மெய்யை ஏற்றி வைத்தால், சான்று விழும் நாளில் மெய்யும் சேர்ந்து விழும். நாளை காட்சியறைக்கு வரும் விவரமறிந்த ஒருவர் கீலின் முனையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனால், சிரிப்புக்கு ஆளாவது பைனாகுலர் அல்ல. பேசாமல் வாழ்ந்து முடிந்த ஒரு மனிதர்.

மேலும், அதிகாரி கொடுத்த பரிசு என்ற கதையில் அவருக்கு என்ன பங்கு இருக்கிறது? கை நீட்டி வாங்கிக்கொண்டவர், அவ்வளவுதான். தன் உழைப்பின் கூலியில், தன் அண்ணனைக் கொண்டுபோனவர்களின் நாட்டுக் கருவியை, இருபத்தைந்து ஆண்டு கழித்து, எந்தக் காரணத்தினாலோ தேர்ந்து வாங்கினார் என்பதில் ஒரு முழு மனிதர் இருக்கிறார். மன்னித்தாரா, மறந்தாரா, அல்லது விலைக்கேற்ற நல்ல பொருள் என்பதற்கு மேல் எதுவும் நினைக்கவில்லையா? அதைச் சொல்ல அவர் இல்லை. 1991இல் காலமானார்.

“இதை வச்சு என்ன பார்ப்பார்?” என்று கேட்டேன்.

“கடலைக் காட்டுல பன்னி இறங்குதான்னு பாப்பாரு. சிறுமலை மேல மேகம் எறங்கியிருக்கான்னு பாப்பாரு. வேறென்ன?” என்றார்.

*

சந்தை மதிப்பைக் கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: பெரிதாக எதுவும் இல்லை. இலட்சக்கணக்கில் செய்து உலகெங்கும் அனுப்பிய வகை இது. சேகரிப்பாளர் தேடும் அரிய பொருள் அல்ல. ஆனால் காட்சியறையில் இருக்க இதற்குத் தகுதி உண்டு என்று வரலாற்றுத் துறை நண்பர்களிடம் வாதாடினேன். போர்வீரரின் பரிசு என்றால் முன்வரிசையில் வைத்திருப்பார்கள். தோட்டத் தொழிலாளியின் பெட்டிச் சாமான் என்றதும் சற்றுத் தயங்கினார்கள். ஒப்புக்கொள்ள ஒரு மாதம் ஆயிற்று.

நான் எழுதிய குறிப்பை முதலில் பெரியவரிடம்தான் படித்துக் காட்டினேன். பைனாகுலர், 7×50. ஜப்பான், 1960கள். மலேயா ரப்பர்த் தோட்டங்களில் 34 ஆண்டுகள் உழைத்து, 1970இல் ரஜுலா கப்பலில் ஊர் திரும்பியவர் கொண்டுவந்தது. அவருடைய அண்ணன் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பவில்லை. கீழே இருவர் பெயரும், இந்தக் குடும்பம் வாழும் ஊரின் பெயரும்.

அவர் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். பெரியப்பாவின் பெயரை எழுத்தில் பார்த்ததே இல்லை என்றார். பிறகு, அந்தப் பெயரில் ஓர் எழுத்து தவறு என்று சொல்லித் திருத்தினார்.